ஏசுவதும் ஏசித் தீர்ப்பதும்

 

பிள்ளைகள் போனில் அமெரிக்கப் படம் பார்த்து ‘கஸ் அவுட்’ என்றொரு சொல்லைப் பிடித்து வந்திருக்கிறார்கள். கருத்துக் கேட்டால், “ஏசுறது சேர்” என்கிறார்கள். அது அரைவாசிதான் சரி.

‘கஸ்’ என்பது சாபத்தைக் குறிக்கும் ‘கேர்ஸ்’ என்ற சொல்லின் திரிபு. ‘அவுட்’ என்றதும் ‘வெளியே’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே அது நம்முடைய ‘தீர்’. ஏசினார் வேறு, ஏசித் தீர்த்தார் வேறு அல்லவா? உள்ளே இருக்கும் ஆத்திரம் முழுவதையும் கெட்ட வார்த்தையோடு ஒருவர் மேல் கொட்டி முடிப்பதுதான் கஸ் அவுட். ‘ஹிம்’ என்று வந்தால் நடுவில்தான் வைக்க வேண்டும்: ‘கஸ் ஹிம் அவுட்’. ஏச்சு வாங்குபவர் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார் என்று சொன்னால் பிள்ளைக்கு மறக்காது. (பேச்சு வழக்கு இது, பரீட்சைத் தாளில் வேண்டாம்.)

செய்த பிழையைச் சொல்லிக் கண்டிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டெல் ஓஃப்’ என்று வேறு சொல் உண்டு. எங்கள் ‘ஏச்சு’ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. பெரியவர்களான எங்களுக்கு அது வசதியாகவும் போய்விட்டது. “ஏன் வீட்டுவேலை செய்யல்ல?” என்பதும் ஏச்சு, “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்பதும் ஏச்சு. இரண்டாவதில் வீட்டுவேலை எங்கே போனது? அதுவும், மாடு வளர்த்துப் பிள்ளையைப் படிப்பிக்கிற ஊரில் நின்றுகொண்டு!

கல்வி அமைச்சு 2005/17 சுற்றறிக்கையால் பிரம்பைத் தடுத்தது, 2016இல் மீண்டும் வலியுறுத்தியது. பிரம்பை வைத்துவிட்டு நாக்கை எடுத்துக்கொண்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை இழிவாக நடத்துவதையும் தடைசெய்கிறது. வாயால் இழிவுபடுத்துவதும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. குர்ஆனின் 49ஆவது அத்தியாயம் கெட்ட பட்டப்பெயர் சொல்லி அழைப்பதைத் தடுத்திருப்பதும் எங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

“கண்டிக்காமல் பிள்ளை உருப்படுமா?” என்று கேட்பீர்கள். கண்டிக்கத்தான் வேண்டும். செய்யாத வேலையை நாளைக் காலையில் கொண்டுவா என்று சொல்லுங்கள், கொண்டுவராவிட்டால் திரும்பவும் சொல்லுங்கள். வீட்டில் அம்மாவும் வாப்பாவும் அப்பாவும் அப்படித்தான். எந்த ஆசிரியராவது அதைத் தாண்டினால் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.