தொட்டியிலே கணிப்பொறி, தொல்லை யாருக்கு?

மின்சாரக் கருவி ஒன்றை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்த் தொட்டியில் போட்டால் என்ன ஆகும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் பதிலை. 'பட்'டென்று ஓர் ஓசை, கருகிய நெடி, அவ்வளவுதான்! கருவியும் போச்சு, பீசும் போச்சு.

ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பல லட்சம் ரூபாய் பெறும் கணிப்பொறிகளை ஆள் உயரத் தொட்டிகளில் இறக்கி, மேலே திரவத்தை நிரப்பி, அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். கருகவில்லை. அடங்காத சூடு அடங்கி, மூச்சு முட்டாமல் வேலை செய்கின்றன. மாயமா, மந்திரமா?

இரண்டும் இல்லை. உங்கள் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பாருங்கள். அதன் வயிறு நிறைய எண்ணெய். செம்புச் சுருள் அந்த எண்ணெயிலே மூழ்கிக் கிடக்கிறது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே ஏறும், பக்கக் குழாய்களிலே இறங்கி ஆறும், மறுபடி உள்ளே போகும். மின்வாரியத் தோழர்களுக்கு இது பாட்டன் காலத்துச் சங்கதி. அந்தப் பழைய வித்தையைத்தான் கணிப்பொறிக் கம்பெனிகள் புதுச் சட்டை போட்டு அழைத்து வருகின்றன.

ஏன் அழைக்க வேண்டியதாயிற்று? 2022-இல் வெளிவந்த என்விடியா கம்பெனியின் 'எச்-100' என்ற சில்லு, 700 வாட் மின்சாரம் குடிக்கும். 2024-இல் அறிவிக்கப்பட்ட அடுத்த தலைமுறை, 1,000 வாட். உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி எவ்வளவு? ஏறத்தாழ அதே அளவுதான்! உள்ளங்கை அகலச் சில்லு ஒவ்வொன்றும் ஓர் இஸ்திரிப் பெட்டி. அப்படி ஆயிரக்கணக்கில் அடுக்கி, இரவு பகலாக எரியவிட்டால் அந்தக் கட்டடம் என்ன ஆகும்? இதுவரை விசிறி வைத்துக் காற்றை ஊதினார்கள். காற்று பாவம், சுமை தூக்க வலுவில்லாதது. ஒரு குடம் தண்ணீர் ஏந்தும் சூட்டை ஏந்த மூவாயிரம் குடத்துக்கு மேல் காற்று வேண்டும். எண்ணெய் தண்ணீரைவிடச் சற்று இளைத்தது. என்றாலும் ஆயிரம் குடம் காற்றின் வேலையை ஒரு குடம் எண்ணெய் செய்துவிடும்.

ஆகவே தொட்டி வந்தது. வரட்டும்! நாம் இயந்திரத்தைக் கண்டு மிரளும் கூட்டமல்ல. தொழிலாளியின் கண்கொண்டு பார்த்தாலும் இதில் நன்மை உண்டு. விசிறிகள் அலறும் கணிப்பொறிக் கூடத்தில் ஓசை 85 டெசிபலைத் தாண்டுவதுண்டு. காதை அடைத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். தொட்டிக்குள் விசிறிக்கு வேலையே இல்லை, கூடம் அமைதியாகிவிடும். தண்ணீர்ச் செலவும் குறையக்கூடும். ஆவியாக்கிக் குளிர்விக்கும் கோபுரங்கள் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். தொட்டித் திரவமோ நன்றாகச் சூடேறியே வெளிவருவதால், அதை வெறும் வெளிக்காற்றிலேயே ஆற்றிவிடலாம். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையங்கள் எழுந்து நிற்கும் சென்னை, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர். அந்த ஊர்க்காரன் இந்த நன்மையை அலட்சியம் செய்யமாட்டான்.

அப்படியானால் சண்டை எதிலே? தொட்டியிலே இல்லை. தொட்டிக்குள் இருப்பதிலே!

தொட்டிக்குள் ஊற்றும் திரவம் இரண்டு வகை. ஒன்று எண்ணெய். டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் 2013-இல் ஒரு கணிப்பொறியைச் செயற்கை எண்ணெயில் மூழ்கடித்தது. அந்த ஆண்டு நவம்பரில், மின்சாரத்தை மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பெருங்கணிப்பொறிகளின் உலகப் பட்டியலில் அதுவே முதலிடம்! அதன் பெயர் 'ட்சுபாமே கே.எப்.சி.' சிரிக்காதீர்கள், கே.எப்.சி. என்பது எண்ணெயில் பொரித்த கோழியல்ல, 'கெப்ளர்' சில்லைத் திரவத்தால் குளிர்விப்பது என்பதன் சுருக்கம். கெட்டிக்காரப் பேராசிரியர்கள்தான்.

எண்ணெயில் தொல்லை இல்லாமல் இல்லை. பழுது பார்க்க வேண்டுமென்றால் பலகையைச் சங்கிலி போட்டுத் தூக்கி, சொட்டச் சொட்ட வடியவிட வேண்டும். தரை வழுக்கும். கையுறை நனையும். கம்பிகளின் மேலுறை நாளடைவில் விறைத்துப்போகும். வெளுத்த சட்டைப் பொறியாளருக்கு முகம் சுளிக்கும். நம் மெக்கானிக் தோழர்களுக்கு எண்ணெய்க்கை புதிதா?

முகம் சுளித்தவர்களுக்காகவே இரண்டாவது வகை இருக்கிறது. அதுதான் புளோரின் திரவம். நிறமில்லை, மணமில்லை, தீப்பிடிக்காது, துடைக்கவே வேண்டாம், தானே காய்ந்துவிடும். இதன் பிறப்பிடத்தைக் கேளுங்கள்: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அணுகுண்டு செய்த வேலைத்தளம்! எதையும் அரித்துத் தின்னும் யுரேனியம் புளோரைடு வாயுவைச் சமாளிக்க, அரிபடாத பொருள் தேடியபோது கைக்கு வந்தது இந்தக் குடும்பம். 1966-இல் லேலண்ட் கிளார்க் என்ற ஆராய்ச்சியாளர், ஆக்சிஜன் ஏற்றிய இப்படியொரு திரவத்தில் ஒரு சுண்டெலியை அமிழ்த்தினார். எலி அதற்குள்ளேயே மூச்சு விட்டது! 1985-இல் சீமூர் கிரே என்ற மேதை தம் 'கிரே-2' கணிப்பொறியை அதே குடும்பத் திரவத்தில் முக்கினார். ஊற்றியவர்கள் திரீ எம் கம்பெனியார். திரவத்தின் பெயர் புளோரினெர்ட். திரவத்தில் குமிழி எழுவதைப் பார்த்து அந்த இயந்திரத்துக்கே 'குமிழி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2021 ஏப்ரலில் மைக்ரோசாப்ட், அமெரிக்காவின் குவின்சி நகரில், 50 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஒரு திரவத்தில் தன் கணிப்பொறிகளை இறக்கியதாக அறிவித்தது. சில்லின் சூட்டில் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி மூடியிலே பட்டுக் குளிர்ந்து மழைபோலத் தொட்டிக்குள்ளேயே சொட்டும். அழகான ஏற்பாடு. ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், எதனோடும் சேராது, எதனாலும் அழியாது என்ற குணம் இருக்கிறதே, அது தொட்டிக்குள் இருக்கும்வரை வரம். தொட்டியைத் தாண்டினால்? பழைய புளோரினெர்ட் வகைகளில் சில, காற்றில் கலந்தால் 3,000 ஆண்டு அழியாமல் நிற்கும். கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பூமியைச் சூடாக்கும். புதிய வகைகள் சில காற்றிலே சீக்கிரம் உடையும். உடைந்தபின் அவற்றிலிருந்து பிறக்கும் ஓர் அமிலம் மழையோடு இறங்கி, நீரிலே தங்கிவிடும்.

"தீங்கில்லாத திரவம்!" என்கிறார்கள் விற்பவர்கள். இந்த வசனம் நமக்குப் புதிதா? மறுபடி அந்த டிரான்ஸ்பார்மரிடம் போவோம். எண்ணெய் தீப்பிடிக்கிறதே என்று, 1929-இலிருந்து அமெரிக்காவில் பி.சி.பி. என்ற திரவத்தைத் தயாரித்து விற்றார்கள். எரியாது, கெடாது, அழியாது என்று அன்றும் இதே பாட்டுத்தான்! 1930-களிலேயே அதைக் கையாண்ட தொழிலாளிகளின் தோலில் கொப்புளங்கள் கிளம்பின. விற்பனை நின்றதா? இல்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இரு ஆலைகள் 1947 முதல் 1977 வரை ஆற்றிலே விட்ட பி.சி.பி. சுமார் 13 லட்சம் பவுண்டு என்பது அமெரிக்க அரசின் கணக்கு. ஆற்று மீனைத் தின்னக் கூடாதென்று 1976-இல் தடை வந்தது. அமெரிக்கா அந்தத் திரவத்தின் உற்பத்தியைத் தடை செய்தது 1979-இல். தோலில் கொப்புளம் கண்டதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டு, தோழர்களே! கொப்புளம் கண்டவன் அதற்குள் கிழவனாகியிருப்பான், இருந்திருந்தால்.

இப்போது பெல்ஜியத்துக்கு வாருங்கள். ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்கு அருகே ஸ்வைன்டிரெக்ட் என்ற ஊர். அங்கேதான் திரீ எம் கம்பெனியின் புளோரின் ஆலை. உலகின் சில்லு ஆலைகள் வாங்கிய குளிர்விப்புத் திரவத்தில் பெரும்பங்கு அங்கிருந்தே போயிற்று. 2021-இல் பக்கத்தில் சாலைப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது பூதம் கிளம்பியது. மண்ணெல்லாம் புளோரின் நஞ்சு! உங்கள் வீட்டுக் கோழி இட்ட முட்டையைத் தின்னாதீர்கள் என்று ஆலையைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கு அரசே சொன்னது. இரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலானவர்களிடம் இருக்கக்கூடாத அளவுக்கு மேல் நஞ்சு. நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். முட்டையில் ஏறியது கணிப்பொறித் திரவமல்ல. அதே ஆலையில் 2002 வரை செய்யப்பட்ட, அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சரக்கு. ஆனால் ஆலை ஒன்று, குடும்பம் ஒன்று, அக்கம்பக்கத்து மக்களும் அவர்களே. 2022 ஜூலையில் 571 மில்லியன் யூரோ தர ஒப்புக்கொண்டது கம்பெனி. அதே ஆண்டு டிசம்பரில், 2025 முடிவுக்குள் இந்தக் குடும்பச் சரக்குகள் அனைத்தின் உற்பத்தியிலிருந்தும் விலகுவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, அமெரிக்கக் குடிநீர் வாரியங்களுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல் தரவும் உடன்பட்டது.

நெடுங்காலம் விற்றவர் கடையைக் கட்டுவதாக அறிவித்துவிட்டார். வாடிக்கை மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது! காலியான இடம் காலியாகவா கிடக்கும்? 2025 மே மாதம், அமெரிக்காவின் கெமோர்ஸ் கம்பெனி, கொதித்துக் குளிர்விக்கும் வகைத் திரவத்தை இந்தியாவிலேயே உற்பத்தி செய்ய, நம் நாட்டு நவீன் புளோரின் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவித்தது. பூமியை மிகக் குறைவாகவே சூடாக்கும் புது வகை இது என்கிறார்கள். இருக்கலாம். அவர்கள் குற்றம் செய்ததாக நாம் சொல்லவில்லை. குற்றம் நேர்ந்தபின் கூவுவதைவிட, கேள்வியை முன்னாலேயே கேட்கலாமே என்கிறோம்.

கேட்கக் காரணம் இருக்கிறது. இத்தாலியில் திரிசினோ என்ற ஊரின் புளோரின் ஆலை, நிலத்தடி நீரைக் கெடுத்துவிட்டு 2018-இல் மூடப்பட்டது. 2025 ஜூனில் விசென்சா நீதிமன்றம் 11 பேருக்கு மொத்தம் 141 ஆண்டுச் சிறை விதித்தது. ஆலையின் இயந்திரங்கள் எங்கே? ஏலம் போய், கப்பலேறி, மகாராஷ்டிரத்தின் லோட்டே பரசுராம் தொழிற்பேட்டைக்கு வந்து சேர்ந்தன! கணிப்பொறித் திரவம் செய்த ஆலையல்ல அது. ஆனாலும் எந்த நாட்டில் கதவு மூடினால் எந்த நாட்டில் திறக்கும் என்பதைக் காட்டிவிட்டது.

"முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்காதே" என்று ஒரு குரல் எழும். எண்ணெயில் மூழ்கிய ஜப்பானியக் கணிப்பொறி முதலிடம் வாங்கியபோது முன்னேற்றம் குறைந்தா போயிற்று? சில்லின்மேல் தகட்டை ஒட்டி, தகட்டுக்குள் நீரை ஓட்டும் முறையைத்தானே இன்று பெரும்பாலோர் கையாளுகிறார்கள்? வழி ஒன்றுதான் என்பது சரக்கு விற்பவரின் பேச்சு.

தரவு மையத்தில் வேலை பார்க்கும் தோழர் தொட்டி வந்து இறங்கும் அன்றே கேட்கட்டும்: உள்ளே ஊற்றுவது எண்ணெயா, புளோரினா? பீப்பாய்மேல் அதைத் தமிழில் எழுதி ஒட்டு. மூடியைத் திறக்கும்போது ஆவி எங்கே போகிறது? ஆண்டுக்கு எத்தனை லிட்டர் குறைகிறது, குறைந்ததை எத்தனை முறை நிரப்பினாய்? அந்தக் கணக்கைச் சங்கத்தின் முன் வை. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லி, தொட்டி கழுவும் ஆளைக் கணக்கிலிருந்து நழுவவிடாதே. திரவம் செய்யும் ஆலையில் நிற்கும் தோழர் கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இரத்தப் பரிசோதனை. முட்டையைத் தின்னாதே என்று அரசு ஓலை அனுப்பும் நாளில் அல்ல; வேலைக்குச் சேரும் முதல் நாளில், அதன்பின் ஆண்டுதோறும். செலவு நிர்வாகத்துடையது; முடிவுச் சீட்டு தொழிலாளியின் கையில்.