பிள்ளை யாரிடம் சொல்லும்?



கணக்கும் அறிவியலும் கற்பிக்கப் பள்ளியில் ஏற்பாடு உண்டு. கோபத்தை அடக்கவும், அவமானத்தைத் தாங்கவும், அடுத்தவன் மனம் நோவதை அறியவும் எங்கே கற்பிக்கிறார்கள்? அது வீட்டின் வேலை என்கிறார் ஆசிரியர். அதற்குத்தானே பள்ளிக்கு அனுப்புகிறோம் என்கிறார் தந்தை. பிள்ளையோ ஈரிடத்திலும் கற்காமலே வளர்ந்துவிடுகிறது.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தலித் குடும்பத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் பயின்றவர்களின் தொல்லை பொறுக்காமல் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினான். காரணம் கேட்கப்பட்டபோது உண்மையைச் சொன்னான். சொன்னதற்காக வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் பள்ளிச் சிறுவர்களே!

இதன் வேர் சாதி வெறி. அதை மூடி மறைத்துப் பேசுவது பாவம். ஆயினும் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். வாய் திறந்த பிள்ளையைக் காக்க முறையான ஏற்பாடு இருக்கவில்லை. கண்டிக்கப்பட்ட சிறுவர்களுக்கோ, உள்ளே மூண்ட சினத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டிலும் தெருவிலும் கண்ட வழி ஒன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பின்னர்த் தமிழக அரசு நீதியரசர் சந்துரு அவர்களிடம் இதை ஆராயும் பொறுப்பை ஒப்படைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யும் பரிந்துரையைப் பற்றியே ஊரெல்லாம் பேச்சு. என் மனத்தில் தைத்தது வேறொன்று. 500 மாணவருக்கு மேல் பயிலும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரந்தோறும் அறநெறி வகுப்பும் கேட்டிருந்தார்.

வகுப்பு நல்லதே. ஆனால் நன்னெறித் தேர்விலேயே பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியவர்களை நாம் அறிவோம் அல்லவா? தில்லி அரசு 2018-இல் தன் பள்ளிகளில் மகிழ்ச்சி வகுப்பைத் தொடங்கியபோது அதற்குத் தேர்வு வைக்கவில்லை. சிறிது நேர அமைதி, ஒரு கதை, பிறகு பிள்ளைகளின் பேச்சு, அவ்வளவுதான். தேர்வில்லை என்பதே எனக்கு மிகவும் பிடித்தது. 2024 நவம்பர் 14 அன்று தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'மகிழ் முற்றம்' பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று குழுக்களாக்கியது. தெருவில் சேராத பிள்ளைகள் ஒரு குழுவில் சேர்ந்து ஆடினால் அதுவே பெரிய பாடம்.

இவை எதுவும் முற்றிலும் புதியதன்று. பிள்ளைகளை நாம் நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்பதை 1884-இலேயே புனித தொன் போஸ்கோ தம் சபையாருக்கு எழுதினார். ஆசிரியர் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு நிற்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. வகுப்பறையில் வாய் திறவாத பிள்ளை திடலில் பேசும்.

நம் சேதராப்பட்டுக்கு வருவோம். தொழிற்பேட்டை வேலை முடிந்து பெற்றோர் வீடு திரும்பும்போது சில பிள்ளைகள் உறங்கிப் போயிருப்பார்கள். அன்று பள்ளியில் நடந்ததை அவர்கள் யாரிடம் சொல்வது? புதுவை அரசுப் பள்ளிகள் இப்போது மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறியுள்ளன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்பது அந்த வாரியத்தின் விதி.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார், மற்ற மாணவர் அறியாமல் என் பிள்ளை அவரிடம் செல்ல முடியுமா என்று கேளுங்கள். சொன்ன பிள்ளை அன்று மாலை யார் துணையோடு வீடு திரும்பும் என்பதையும் கேளுங்கள்.