லீவு வரும்போதெல்லாம் பூ சீசனும் வருதே! தோவாளை குடும்பங்களின் 'தீம் பார்க்' டூர் ஆசை நிறைவேறுவது எப்போது?

தோவாளை:

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்றால் போதும், பிள்ளைகளின் முதல் கேள்வி "எங்கே கூட்டிட்டு போறீங்க?" என்பதுதான். முன்பெல்லாம் கன்னியாகுமரி, திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று சொன்னால் சமாதானம் ஆகிவிடுவார்கள். இப்போது செல்போனில் ராட்சத ரோலர் கோஸ்டரையும், செயற்கை அலை அடிக்கும் குளத்தையும் பார்த்துவிட்டு, போனால் அங்கேதான் போகணும் என்று அடம் பிடிக்கிறார்கள்.

ஆனால் தோவாளையில் இந்த ஆசையை நிறைவேற்றுவது அவ்வளவு சுலபம் அல்ல. காசு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பூச்சந்தை.

விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும் இந்தச் சந்தையை நம்பித்தான் பூ பறிப்பவர், கட்டுபவர், மூட்டை தூக்குபவர், கேரளாவுக்கு லோடு ஏற்றுபவர் என்று சுற்று வட்டார குடும்பங்கள் பிழைக்கின்றன. பூ கட்டினால்தான் கூலி. ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைய வருமானம் போச்சு. ஆபீஸ் உத்தியோகம் போல சம்பளத்துடன் லீவு கிடையாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊர் சுற்ற எல்.டி.சி. சலுகை உண்டு. மாலை கட்டும் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்து ஊர் பெயர் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் அந்த மாலையைக் கட்டும் கைகளுக்கு ஓய்வு நாள் இன்னும் எழுதி வைக்கப்படவில்லை.

லீவும் சீசனும் மோதல்

பள்ளி லீவு காலண்டரையும் பூ வியாபாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும்.

கோடை லீவு என்றால் மே மாதம். சித்திரை, வைகாசி கல்யாண சீசன் அப்போதுதான். காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் வரும். நவராத்திரி, ஆயுத பூஜை அதை ஒட்டியே வரும். கிரேந்தி, அரளி, வாடாமல்லி மூட்டை மூட்டையாக இறங்கும் நேரம் அது. அரையாண்டு லீவு கிறிஸ்துமஸ் சமயத்தில். அப்போது ஐயப்ப சீசனும், மார்கழி பூஜையும், கிறிஸ்துமஸ் அலங்காரமும் சேர்ந்துகொள்ளும். பனியால் மல்லிகை, பிச்சி வரத்து குறைந்து விலை ஏறுவதும் அப்போதுதான். ஓணம் வந்தால் கேட்கவே வேண்டாம். ராத்திரி பகல் தெரியாது.

வியாபாரம் குறைவது ஆடி மாதத்தில். கேரளாவிலும் அது கர்க்கடக மாதம், கல்யாணம் கிடையாது. ஆனால் அப்போது பள்ளிக்கூடம் மும்முரமாக நடக்கும். கேரளாவில் மழையும் கொட்டும்.

ஆக, பிள்ளைகளுக்கு லீவு இருக்கும்போது பெற்றோருக்கு வேலை. பெற்றோருக்கு வேலை இல்லாதபோது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தோவாளை குடும்பங்களின் டூர் தள்ளிப்போவதற்கு முக்கிய காரணமே இதுதான்.

சென்னையா? கொச்சியா?

பிள்ளைகள் கேட்கும் ஊர்கள் இரண்டுதான். ஒன்று சென்னை. ஈ.சி.ஆர். ரோட்டிலும், பூந்தமல்லி பக்கத்திலும் பழைய பார்க்குகள் பல வருடமாக உள்ளன. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 'வொண்டர்லா' பார்க் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு பிள்ளைகளின் நச்சரிப்பு இன்னும் கூடிவிட்டது. ரூ.600 கோடிக்கு மேல் செலவில் அமைந்த இந்த பார்க்குக்கு தமிழக அரசு உள்ளாட்சி கேளிக்கை வரியில் இருந்து 10 ஆண்டுகளுக்கு விலக்கு கொடுத்துள்ளது. திறப்பு சமயத்தில் அறிவிக்கப்பட்ட டிக்கெட் விலை ரூ.1,489. அந்தக் கணக்கில் 4 பேருக்கு ரூ.5,956. நுழைவதற்கு மட்டுமே இவ்வளவு.

இன்னொன்று கொச்சி. 'வி-கார்ட்' ஸ்டெபிலைசர் கம்பெனியைத் தொடங்கிய கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளி 2000-ம் ஆண்டு பள்ளிக்கரையில் 'வீகாலேண்ட்' என்ற பெயரில் திறந்த பார்க் இது. பிறகு இதுவும் வொண்டர்லா ஆனது. சென்னையில் இருப்பது இதே கம்பெனியின் பார்க்தான்.

நாகர்கோவிலில் இருந்து சென்னை எழும்பூர் ரெயில் பாதையில் சுமார் 725 கி.மீ. எர்ணாகுளம் சுமார் 290 கி.மீ. பாதி தூரம் கூட கிடையாது. சென்னைக்கு ராத்திரி ரெயில், பெர்த் வேண்டும். கொச்சிக்கு பரசுராம் எக்ஸ்பிரஸ் மாதிரி பகல் ரெயிலில் உட்கார்ந்தே போய்விடலாம். மலையாளம் பேசுவதிலும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கஷ்டம் இல்லை. பூ லோடு போகிற ரூட்டும் அதுதான்.

கொச்சியில் இன்னொரு வசதியும் உண்டு. 2017 முதல் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. 2023-ல் வாட்டர் மெட்ரோ படகு வந்தது. வைற்றிலாவில் இருந்து காக்கநாட்டுக்கு ஏ.சி. படகில் போகலாம். பார்க் இருப்பதும் காக்கநாட்டைத் தாண்டித்தான். பிள்ளைகளுக்கு அந்தப் படகே ஒரு டூர் மாதிரி.

சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் லாட்ஜ் செலவு மிச்சம். அப்படி இருப்பவர்களுக்கு சென்னை பரவாயில்லை. மற்றவர்களுக்கு கொச்சிதான் கையைக் கடிக்காது.

டிக்கெட்டை விட தேதிதான் காசு

பலர் டூர் பிளான் போடும்போது டிக்கெட் எவ்வளவு என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். கூலித் தொழிலாளி முதலில் பார்க்க வேண்டியது சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டில் கணவன், மனைவி 2 பேரும் வேலைக்குப் போகிறார்கள். ஆளுக்கு தினம் ரூ.600 என்று வைத்துக்கொண்டால், 3 நாள் போனால் ரூ.3,600 நஷ்டம். இது எந்த டிக்கெட்டிலும் அச்சாகாத செலவு. அதுவே பெரிய முகூர்த்த நேரம் என்றால் நஷ்டம் இரட்டிப்பாகும். சீசனில் ஆள் வரவில்லை என்றால் கடைக்காரர் முகம் சுளிப்பார். வாடிக்கை கைமாறிப் போகிற பயமும் உண்டு.

அதனால் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்ப்பதுதான் கெட்டிக்காரத்தனம். செவ்வாய் வெறுவாய் என்பார்கள். செவ்வாய்க்கிழமையில் பொதுவாக யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பூ வாங்குவது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்பதால், திங்கள், செவ்வாய், புதன் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதன், வியாழன் இரண்டிலும் முகூர்த்தம் இல்லாத வாரம் கிடைத்தால் அதுதான் டூருக்கு ஏற்ற வாரம். மே மாதத்தில் தேடினால் அப்படி ஒரு வாரம் சிக்க வாய்ப்பு உண்டு.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பெரிய பார்க்குகளில் சனி, ஞாயிறு, பண்டிகை லீவு நாட்களில் டிக்கெட் விலை அதிகம். வார நாட்களில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஒரு ரைடுக்கு நீண்ட கியூவில் நிற்க வேண்டி வரும். செவ்வாய்க்கிழமை அதே காசுக்கு ரெண்டு மடங்கு ரைடு ஏறலாம்.

குமரிக்கு மட்டும் லீவு

குமரி மாவட்டத்துக்கு மட்டுமே உள்ள ஒரு சலுகையைப் பலர் கவனிப்பதில்லை. கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாவுக்காக டிசம்பர் 3, மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடை என்று கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும்.

அன்று இங்கே லீவு. ஆனால் கொச்சியிலும் சென்னையிலும் வழக்கமான வேலை நாள். அங்கே பார்க்கில் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. மண்டைக்காடு கொடை விழா வருவதே மாசி மாத கடைசி செவ்வாய்க்கிழமையில். டிசம்பர் 3 வெள்ளி அல்லது திங்களில் வந்தால் 3 நாள் லீவு கிடைத்த மாதிரி. 2027-ல் அது வெள்ளிக்கிழமை வருகிறது. ஆனால் பரீட்சை நேரத்தையும், கோவில் திருவிழாவுக்கு நம் கடையில் ஆர்டர் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் டிஸ்னி பார்க் இருக்கும் ஆர்லண்டோவுக்குப் போகிற குடும்பங்களும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. மற்ற ஊர்களுக்கு லீவு இல்லாத வாரமாகப் பார்த்துப் போகிறார்கள். நமக்கு அந்த வாரத்தைக் கொடுப்பது கோவில் திருவிழா.

கவனிக்க வேண்டியவை

தேதி முடிவானால் அடுத்தது ரெயில் டிக்கெட். முன்பு 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்துவிட்டது. கோடை லீவில் சென்னை டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். தட்கல் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். கடைசி நேரத்தில் அல்லாட வேண்டி வரும்.

5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு தனி பெர்த் கேட்காவிட்டால் ரெயிலில் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் என்றால், சிலீப்பரில் தனி பெர்த் கேட்டால் முழு கட்டணம், பெர்த் வேண்டாம் என்றால் பாதி.

பார்க்கில் கணக்கு வேறு. அங்கே வயது அல்ல, உயரம்தான். வீட்டுச் சுவரில் கோடு போட்டு பிள்ளையின் உயரத்தை அளந்துவிட்டுப் போவது நல்லது. பெரிய ரைடுகளில் 140 செ.மீ. உயரம் கேட்பது வழக்கம். ரோலர் கோஸ்டருக்காகவே அழுது அடம் பிடித்து வந்த பிள்ளையை அங்கே போய் ஓரமாக நிறுத்தினால் மனசு கஷ்டப்படும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகளையும் பெரிய ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள்.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் மாதிரி துணிதான் அனுமதி. காட்டன் உடுப்போடு விடமாட்டார்கள். அங்கே போய் வாங்கினால் விலை அதிகம், நாகர்கோவிலிலேயே வாங்கிவிடலாம். வெளிச்சாப்பாடு உள்ளே அனுமதிக்காத பார்க்குகள் அதிகம். அதனால் கட்டுச்சோறு ரெயிலோடு சரி. நெட்டில் காட்டும் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பும் முக்கியம். 2025 மே மாதம் சென்னையில் ஒரு பார்க்கில் ராட்சத ராட்டினம் நடுவானில் பழுதாகி நின்றது. பிள்ளைகள் உட்பட பலர் மணிக்கணக்கில் தவித்தனர். தீயணைப்பு வீரர்கள் கிரேன் வைத்து இறக்கினார்கள். பெல்ட் சரியாகப் பூட்டாத ரைடில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

கடன் வாங்கி டூர் வேண்டாம்

எல்லாவற்றையும் விட ஆபத்து, டூருக்காக குழு லோன் எடுப்பது. ஊர் சுற்றுவது ரெண்டு நாள். வாரத் தவணை ஒரு வருடம். தவணை வசூலில் அராஜகம் செய்பவர்களைத் தண்டிக்க 2025-ல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டு வந்துவிட்டது. சட்டம் மிரட்டலைத்தான் தடுக்கும். வாங்கிய கடனை நாம்தான் கட்ட வேண்டும்.

அதற்குப் பதில் தீபாவளி சீட்டு மாதிரி டூர் சீட்டு போடலாம். வாரம் ரூ.200 வீதம் 50 வாரம் போட்டால் ரூ.10 ஆயிரம். கொச்சி டூருக்குப் பெரும் பகுதி தேறிவிடும். ஒரே கடையில் வேலை பார்க்கும் 10 குடும்பம் சேர்ந்தால் 40 பேர் ஆச்சு. பஸ் பிடித்தே போகலாம். கூட்டமாக வருபவர்களுக்கு பார்க்குகளில் தனி சலுகை உண்டு, முன்கூட்டியே போன் போட்டுக் கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் போனால் கடையில் யார் பூ கட்டுவது என்ற பிரச்சினை வரும். அதனால் கடைக்காரரையும் கலந்து பேசி, முகூர்த்தம் இல்லாத நாளை முன்பே குறித்துக்கொள்வது ரெண்டு பக்கமும் நல்லது.

அதுவும் முடியாதவர்களுக்கு கன்னியாகுமரி இருக்கவே இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடி பாலம் 2024 டிசம்பர் 30-ந் தேதி திறக்கப்பட்டது. காலையில் சந்தை முடித்துவிட்டுக் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். ஒரு நாள் கூலியும் போகாது.

கோரிக்கை

பார்க் கம்பெனிக்கு 10 வருட வரி விலக்கு கொடுக்க அரசால் முடிகிறது. அதே பார்க்கில் அமைப்புசாரா தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு, வார நாட்களில் மட்டுமாவது பாதி டிக்கெட் கேட்டு வாங்கிக் கொடுத்தால் என்ன? வார நாளில் காலியாக ஓடும் ரைடில் நாலு பிள்ளைகள் கூடுதலாக ஏறுவதால் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

அதற்கு அரசு மனது வைக்கும் வரை தொழிலாளர் கையில் இருப்பது தினசரி காலண்டர்தான். ஊரே கல்யாணம் கொண்டாடுவதற்காக வருடம் முழுக்க மாலை கட்டுகிறவர்கள், முகூர்த்தம் இல்லாத மூன்று நாளை தங்கள் பிள்ளைகளுக்காக இப்போதே வட்டம் போட்டு வைக்கலாம்.