எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு மத்தியானத் தூக்கம்

மாட்டுக்கு வாட்ச் கிடையாது. ஆனால் மே மாதத்தில் மணி பதினொன்று ஆனால் அதற்குத் தெரிந்துவிடும். மேய்வதை நிறுத்திவிட்டு நிழல் தேடிக் கிளம்பிவிடும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிழல் என்றால் என்ன? ஒன்று, மேம்பாலத்தின் அடி. இல்லாவிட்டால், துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டு. மாடு அங்கே படுத்துவிடுகிறது. ஆபீஸுக்கு லேட்டான பைக் ஆசாமி விடாமல் ஹாரன் அடிக்கிறார். மாடு மெதுவாகத் திரும்பி, "இன்னா இப்போ?" என்பது போல ஒரு பார்வை பார்க்கிறது.

திமிர் என்று நினைக்காதீர்கள் ஸார். சமாசாரம் வயிற்றில் இருக்கிறது. மாட்டின் வயிற்றில் நாலு அறை. முதல் அறை ஒரு பெரிய ஊறல் பானை. தின்ற புல்லை அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கின்றன. புளிக்கும்போது சூடு கிளம்பும். ஆக, வெளியே வெயில், உள்ளே அடுப்பு! அதனால்தான் கோடையில் காலையிலும் சாயங்காலமும் மேய்ச்சல், உச்சியில் ரெஸ்ட். நிழல் இல்லாவிட்டால் பாவம், படுக்கக்கூடச் செய்யாது. உடம்பில் காற்றுப் படட்டும் என்று நின்றுகொண்டே மூச்சு வாங்கும். மாடு படுத்து நிதானமாக அசை போடுகிறதென்றால் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நிழல் கொஞ்சமாக இருந்தால்? வலுத்த மாடு நடுவில் நிற்கும். இளைத்தது வெயிலில் காயும். ஃபேனுக்கு நேர் கீழே ஹெட்கிளார்க், ஜன்னல் வெயிலில் புதுசாகச் சேர்ந்த பையன் என்று உங்கள் ஆபீஸில் இல்லையா, அதே கதைதான்.

நாட்டு மாடு ஓரளவு தாங்கும். ஜெர்ஸிக் கலப்புக்குக் கஷ்டம். எருமைக்கு இன்னும் மோசம். கறுப்புத் தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு. அதற்குக் குட்டைத் தண்ணீர் வேண்டும். தெருவில் குட்டைக்கு எங்கே போகும்? 2024 ஜூனில் திருவொற்றியூரில் ஒரு எருமை ஒரு பெண்ணை முட்டி இழுத்துக்கொண்டு ஓடியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மாநகராட்சி மாட்டைப் பிடிக்கிறது, அபராதம் போடுகிறது. வேண்டியதுதான். ஆனால் அவிழ்த்துவிட்ட மாடு மறுநாளும் நிழல் இருக்கிற இடத்துக்குத்தானே வரும்?

இதற்கு நம் ஆட்களே வழி வைத்திருக்கிறார்கள். காங்கேயம் பக்கம் 'கொறங்காடு' என்று மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே ஆங்காங்கே வெள்வேல மரம். நிழல் பரவலாக இருப்பதால் மாடுகள் ஒரே இடத்தில் குவிவதில்லை. சாணியும் பரவலாக விழுந்து உரமாகிறது. கோடையில் புல் காய்ந்தால் மரத்துக் காயே தீனி.

சென்னையில் 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசை, ரோட்டை விட்டுத் தள்ளி, காலி இடங்களில் நட்டு, பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினால் மாடு தானாக அங்கே போகும். மரம் வளர வருஷங்கள் ஆகும், சரி. அதுவரை ஒரு கீற்றுக் கொட்டகை போதும்.

அதுகூட வருகிற வரைக்கும், டிரைவர் அண்ணன்மாரே... வண்டியை எடுக்கும் முன் இறங்கி ஒருமுறை பக்கவாட்டில் பார்த்துவிடுங்கள். யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.