குப்பையைப் பிரித்த பிறகு எழும் கேள்விகள்

2023 மார்ச் 2 அன்று கொச்சி மாநகரின் கிழக்கு விளிம்பில் உள்ள பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினரும் கடற்படை, விமானப்படையினரும் இரவு பகலாகப் போராடிய பிறகு, மார்ச் 13 அன்றுதான் அது முழுமையாகக் கட்டுக்குள் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாட்களும் கொச்சி நச்சுப் புகையைச் சுவாசித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வசதி படைத்தவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். கூலிக்குச் செல்பவர்கள் முகக்கவசத்துடன் வேலைக்குச் சென்றார்கள்.

அந்தக் கிடங்கில் எரிந்தது கொச்சி மாநகராட்சியின் குப்பை மட்டுமல்ல. களமசேரி, திருக்காக்கரை, ஆலுவா, திருப்பூணித்துறை, அங்கமாலி ஆகிய நகராட்சிகளின் குப்பையும் பல ஆண்டுகளாக அங்கேதான் சென்றது. நகரங்கள் தங்கள் கழிவைக் கொட்டின. கடம்பிரயாற்றின் கரையில் வடவுகோடு-புத்தன்குரிசு ஊராட்சியில் வாழும் எளிய மக்கள் அதன் நாற்றத்தையும் கழிவுநீரையும் சுமந்தார்கள். அந்தத் தீக்குப் பின்னர், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற பிரச்சாரம் கேரளம் முழுவதும் வேகம் பெற்றது. இன்று தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு நகராட்சி வண்டியும் இதையே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறது.

இதுபற்றி நமது தோழர்களிடையே இரண்டு விதமான கருத்துகள் நிலவுகின்றன. ஒன்று, இது நடுத்தர வர்க்கத்தின் மனச்சாந்திக்கான வேலை. முதலாளித்துவம் அழிக்கும் இயற்கையை இரண்டு பிளாஸ்டிக் வாளிகள் காப்பாற்றிவிடாது என்பது. மற்றொன்று, மக்கள் ஒழுங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. இரண்டுமே பாதி உண்மைகள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு கட்சி மக்களிடம் செல்ல முடியாது.

முதலில், பிரிப்பதால் பயன் உண்டா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். உண்டு. நமது நகரங்களின் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி சமையலறைக் கழிவுதான். அது பிளாஸ்டிக்கோடு கலந்து காற்றுப்புகாமல் மேடாகக் குவியும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவை விட ஏறத்தாழ எண்பது மடங்கு புவியை வெப்பமாக்கும் வாயு இது. குப்பைமேடுகள் கோடையில் தானாகத் தீப்பற்றுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். அதே கழிவைத் தனியாகப் பிரித்தால் உரமாகிறது அல்லது எரிவாயுவாகிறது. பிரம்மபுரத்தில் எரிந்தது வெறும் பிளாஸ்டிக் அல்ல. பிரிக்கப்படாத குப்பையே அந்தத் தீக்கு இரையானது. உலர்ந்த கழிவுகளில் அலுமினியத்தை மறுசுழற்சி செய்தால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் சுமார் 95 விழுக்காடு மிச்சமாகிறது. இரும்பு, கண்ணாடி, காகிதம் ஆகியவற்றிலும் பயன் கணிசமானது. காயலான் கடைகளும், தெருத்தெருவாகப் பழைய பொருள் வாங்கும் உழைப்பாளிகளும் எந்த அரசுத் திட்டமும் இல்லாமலேயே தலைமுறைகளாக இதைச் செய்துவருகிறார்கள்.

பிளாஸ்டிக்கின் கதை வேறு. 2017ஆம் ஆண்டு வெளியான விரிவான ஆய்வு ஒன்று, 2015 வரை உலகம் உருவாக்கிய பிளாஸ்டிக் கழிவு சுமார் 630 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதில் மறுசுழற்சி செய்யப்பட்டது சுமார் 9 விழுக்காடு. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. மீதி 79 விழுக்காடு மண்ணிலும் நீரிலும் குப்பைமேடுகளிலும் கிடக்கிறது. ஷாம்பு, பிஸ்கட், பான் மசாலா அடைத்துவரும் பல அடுக்குப் பொட்டலங்களை எவ்வளவு கழுவி, காயவைத்து, அடுக்கிக் கொடுத்தாலும் அவற்றைப் புதிய பொட்டலமாக மாற்றும் இலாபகரமான வழி இல்லை. அவற்றின் இறுதி இடம் பெரும்பாலும் சிமெண்ட் ஆலையின் சூளை. அதைச் 'சுழற்சி' என்று அழைப்பது சொல்லை ஏமாற்றுவதாகும்.

ஆகவே, சுழற்சிக்கு வராத ஒரு பொருளை யார், எதற்காக உற்பத்தி செய்கிறார்கள் என்ற கேள்வி எழுகிறது. இந்தக் கேள்வியை மறைப்பதற்காகவே குப்பைப் பிரச்சனை நுகர்வோரின் ஒழுக்கப் பிரச்சனையாக மாற்றப்பட்டது. திரும்பப் பெறும் கண்ணாடிப் புட்டிகளைக் கைவிட்டு, வீசியெறியும் புட்டிகளுக்கு மாறிய அமெரிக்கப் பானக் கம்பெனிகளும் பொட்டல உற்பத்தியாளர்களும் 1953இல் கூடி, குப்பை போடாதீர்கள் என்று மக்களுக்குப் போதிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். குற்றவாளி ஆலையில் இல்லை, தெருவில் நடப்பவனே என்பதுதான் அதன் பாடம். எழுபது ஆண்டுகளாக அந்தப் பாடம் உலகெங்கும் நடத்தப்படுகிறது.

நமது நாட்டில் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் சில தடை செய்யப்பட்டன. உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி போன்றவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. பெரும் கம்பெனிகளின் பல அடுக்குப் பொட்டலங்களும் தண்ணீர்ப் புட்டிகளும் இடம்பெறவில்லை. தட்டுக்கடைக்காரருக்கு அபராதம்; பன்னாட்டுக் கம்பெனிக்கு 'நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்ற பெயரில் சான்றிதழ் வாங்கும் வசதி. அந்தச் சான்றிதழ்களிலும் இலட்சக்கணக்கில் போலிகள் இருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டறிந்தது. பிளாஸ்டிக் மாசு குறித்த உலக உடன்படிக்கைக்காக 2024 டிசம்பரில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் நடந்த பேச்சுவார்த்தைகள் முடிவின்றிக் கலைந்தன. உற்பத்திக்கு வரம்பு விதிப்பதா என்பதே அங்கு முக்கியத் தகராறு. வரம்பை எதிர்த்த நாடுகளின் பக்கமே ஒன்றிய அரசு நின்றது. வீட்டில் தூய்மை இந்தியா, வெளியில் பெட்ரோலிய வேதி முதலாளிகளின் இந்தியா!

களமசேரியில் நின்று பார்த்தால் இந்த முரண்பாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே குடும்பங்கள் பால் உறைகளைக் கழுவி வைக்கின்றன. பக்கத்திலேயே ஏலூர்-எடையார் தொழிற்பகுதி. பல்லாண்டுகளாகப் பெரியாற்றின் மாசுக்குப் பெயர்பெற்ற இடம். 2024 மே மாதம் பாதாளம் தடுப்பணை திறக்கப்பட்டதைத் தொடர்ந்து ஆற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தவர்கள் முதலை இழந்து நின்றார்கள். நீரில் ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்பைடும் ஆபத்தான அளவில் இருந்ததைக் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு காட்டியது. பால் உறையைக் கழுவாத வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது. ஆற்றைக் கெடுத்தவரைக் கண்டுபிடிப்பது மட்டும் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

இப்போது, அந்தப் பால் உறைகளைச் சேகரிப்பவர்களைப் பற்றிப் பேச வேண்டும். கேரளத்தில் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வீடு வீடாகச் சென்று மக்காத கழிவைப் பெறுகிறார்கள். பெரும்பாலும் குடும்பஸ்ரீ அமைப்பிலிருந்து வந்தவர்கள். மாதக் கட்டணத்தை வீட்டுவாசலில் நின்று அவர்களே வசூலிக்க வேண்டும். அதுவே அவர்களின் வருமானத்துக்கு அடிப்படை. கட்டணம் தர மறுத்தவர்களின் ஏச்சையும் அவர்களே கேட்டார்கள். 2023 ஜூலையில் பரப்பனங்காடியைச் சேர்ந்த பதினோரு சேனைப் பெண்களுக்கு லாட்டரியில் 10 கோடி ரூபாய் விழுந்த செய்தி நாடெங்கும் பரவியது. அந்த 250 ரூபாய் சீட்டைத் தனியாக வாங்க ஒருவரிடமும் பணம் இல்லாததால், அவர்கள் சில்லறை சேர்த்து வாங்கினார்கள் என்பதையும் அந்தச் செய்தி சொன்னது. அதிர்ஷ்டத்தைக் கொண்டாடியவர்கள், அதற்கு முந்தைய நாள் வரை அவர்கள் பெற்ற வருமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு நகரின் சுகாதாரத்தைக் காப்பவர்கள் அந்த நகரின் ஊழியர்களாகக் கருதப்படாமல் 'தொழில்முனைவோர்' என்று அழைக்கப்படும் நிலை, அதை அமல்படுத்துவது யாராக இருந்தாலும், நவீன தாராளமயத்தின் சிந்தனையே.

சென்னையில் இதன் கொடூர வடிவத்தைக் கண்டோம். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். பெண்களே அதிகம், பெரும்பாலானோர் தலித் மக்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திக் கைது செய்தது. திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையில், ஆமையிழஞ்சான் ஓடையின் இரயில்வே பகுதியில் குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவரது உடல் இரண்டு நாட்களுக்குப் பின்னரே கிடைத்தது. அந்த ஓடையை அடைத்திருந்தது பிளாஸ்டிக். சுற்றுச்சூழல் என்ற சொல்லுக்குள் இந்த உடல்களும் அடங்கும் என்பதை மறந்துவிட்டுக் குப்பையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

இங்கே சுயவிமர்சனமும் தேவை. பிரம்மபுரம் எரிந்தபோது மாநிலத்திலும் மாநகராட்சியிலும் இடது ஜனநாயக முன்னணியே பொறுப்பில் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் காங்கிரஸ் தலைமையிலான நிர்வாகம் விட்டுச்சென்ற மலை அது என்பது உண்மை. ஆனால் அந்தப் பதில் புகையில் மூச்சுத் திணறியவருக்குப் போதாது. பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் பணி தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அது நடந்த விதம் கடும் கேள்விகளுக்கு உள்ளானது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது. அதேபோல் 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்தன. தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அதிகாரிகள் வந்து அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றார்கள். இதை இனவெறுப்புக்குத் தீனியாக்க முயன்றவர்களை நாம் எதிர்த்தது சரி. ஆனால் ஒரு மாநிலத்தின் ஒழுங்கு இன்னொரு மாநிலத்தின் சிற்றூர் தலையில் கொட்டப்படுவதை எதிர்ப்பதும் நமது கடமையே. கழிவு எப்போதும் ஏழைகள் வாழும் திசை நோக்கியே பயணம் செய்கிறது.

மாற்றுவழி கற்பனையில் இல்லை, கேரளத்திலேயே இருக்கிறது. சர்வோதயபுரம் மக்கள் குப்பை லாரிகளை மறித்துப் போராடியதைத் தொடர்ந்து, ஆலப்புழை நகரம் 2012இல் வேறு பாதையில் இறங்கியது. மையக் கிடங்கைத் தேடுவதற்குப் பதிலாக, வீடுகளில் குழாய் உரக்கலன்களும் எரிவாயுக் கலன்களும் மானியத்துடன் வழங்கப்பட்டன. இடமில்லாதவர்களுக்குப் பொது இடங்களில் காற்றோட்ட உரத்தொட்டிகள் அமைக்கப்பட்டன. தோழர்கள் தெருத்தெருவாகச் சென்று மக்களைத் திரட்டினார்கள். 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அந்த நகரை உலகின் முன்மாதிரிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. புனே நகரில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993இல் சங்கமாகத் திரண்டார்கள். பின்னர் சொந்தக் கூட்டுறவு அமைத்து வீடுவீடாகச் சேகரிக்கும் பணியைப் பெற்றார்கள். நீலகிரியில் 2022இல் தொடங்கிய மதுப்புட்டி திரும்பப் பெறும் திட்டம் இன்னொரு பாடம்: பத்து ரூபாய் முன்பணம் இருந்தால் காட்டில் கிடந்த புட்டி கடைக்குத் திரும்புகிறது. ஆனால் அந்த வேலைச்சுமை, இடவசதியும் கூடுதல் ஆட்களும் இல்லாத டாஸ்மாக் ஊழியர்கள் மீது ஏற்றப்பட்டது. புட்டியைச் செய்து இலாபம் பார்க்கும் ஆலைகள் ஏன் இந்தப் பொறுப்பை ஏற்கக்கூடாது என்ற அவர்களின் கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

மண்ணிலிருந்து எடுக்கப்படுவது மண்ணுக்குத் திரும்பாமல் நகரங்களில் நஞ்சாகத் தேங்குவதை, தேம்ஸ் நதியில் கலக்கவிடப்பட்ட இலண்டன் கழிவை முன்வைத்து, மூலதனத்தின் மூன்றாம் தொகுதியிலேயே மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். வீட்டில் பிரிக்கப்படும் காய்கறித் தோல் உரமாகி வயலுக்குச் செல்லும்போது அந்த முறிவில் ஒரு சிறு பகுதி சரிசெய்யப்படுகிறது. அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் முறிவை உண்டாக்கும் உற்பத்தி முறை அப்படியே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

எனவே நமது கிளைகள் செய்ய வேண்டியது தெளிவானது. கட்சி அலுவலகங்களிலும் தோழர்களின் வீடுகளிலும் குப்பை பிரிக்கப்பட வேண்டும். தானே செய்யாததை மக்களிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதே மக்களோடு சேர்ந்து நமது கோரிக்கைகளையும் முன்வைக்க வேண்டும். பிரித்துக் கொடுத்த குப்பை ஒரே வண்டியில் மீண்டும் கலக்கப்படக் கூடாது. ஒவ்வொரு வார்டிலும் ஈரக்கழிவு பதப்படுத்தும் இடம் வேண்டும். கொடுங்கையூர் மக்கள் எதிர்க்கும் குப்பை எரிஉலை போன்ற திட்டங்கள் கைவிடப்பட வேண்டும். சுழற்சிக்கு உதவாத பொட்டலங்களின் உற்பத்தி தடை செய்யப்பட வேண்டும். திரும்பப் பெறும் செலவு உற்பத்தி செய்யும் கம்பெனியின் கணக்கில் சேர வேண்டும். தூய்மைப் பணியாளரும் ஹரித கர்ம சேனைப் பெண்ணும் பணிநிரந்தரம், குறைந்தபட்ச ஊதியம், பாதுகாப்புக் கருவிகள், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பெற வேண்டும்.

வீட்டுக் குப்பையைப் பிரிப்பது சுற்றுச்சூழலுக்கு உதவுகிறதா என்று கேட்பவர்களுக்கு நமது பதில் இதுதான்: உதவுகிறது, ஆனால் அது வாசல்படி வரைதான். வாசலைத் தாண்டியதும் அந்தக் குப்பை யாருடைய கைகளுக்குச் செல்கிறது, யாருடைய ஊரில் கொட்டப்படுகிறது, யாருடைய இலாபத்திலிருந்து பிறந்தது என்ற கேள்விகள் தொடங்குகின்றன. அந்தக் கேள்விகளை வாசல்தோறும் எடுத்துச் செல்வதே நமது வேலை.