வாஷிங்டன் வாயை அடைக்கிறது, டெல்லி கையைக் கட்டுகிறது

"கருக்கலைப்புத் தடை அமெரிக்காக்காரன் சண்டை, நமக்கென்ன?" என்று கேட்கும் தோழர்களுக்கு இதை எழுதுகிறேன்.

1984-ல் மெக்சிகோ நகரில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு ஒரு நிபந்தனை போட்டது. அமெரிக்காவின் குடும்ப நல நிதியை வாங்கும் வெளிநாட்டு அமைப்பு, வேறு யார் தந்த பணத்திலும்கூட, குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்பு செய்யக் கூடாது, வழிகாட்டக் கூடாது, சட்டத்தைத் தளர்த்தச் சொல்லிப் பேசவும் கூடாது. ஆட்சி மாறும்போதெல்லாம் இந்தப் பூட்டு திறக்கும், மூடும். 2017-ல் டிரம்ப் இதை எய்ட்ஸ் நிதி வரை நீட்டினார். 2025 ஜனவரியில் மறுபடி பூட்டினார்.

பலன் என்ன? ஆப்பிரிக்காவின் 26 நாடுகளை ஆராய்ந்த ஆய்வு 2019-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்தது. அமெரிக்க நிதியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில், தடைக்காலத்தில் கருத்தடைப் பயன்பாடு குறைந்தது, கருக்கலைப்பு கூடியது.

இங்கே 1971 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் டெல்லியிடம் வேறு பூட்டு: வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம். 2012-ல் கூடங்குளம் போராட்டத்தின்போது தூத்துக்குடி மறைமாவட்டத் தொண்டு அமைப்புகளின் கணக்குகள் முடக்கப்பட்டன. 2016-ல் குஜராத்தின் தலித் அமைப்பான நவ்சர்ஜனின் உரிமம் ரத்தானது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, நிதி பெறும் அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதைப் பகிர முடியாது. பெரிய நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். சேரிக்குள் வேலை செய்யும் சிறிய அமைப்புதான் சாகும்.

அடி யார்மேல் விழுகிறது? முள்ளக்காட்டு உப்பளத்தில் தினக்கூலிக்கு நிற்கும் தலித் பெண்மேல். வசதியுள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போவார். இவரிடம் "கருத்தடை ஆபரேஷனுக்குச் சம்மதிச்சாதான்", "புருஷன் கையெழுத்து வேணும்" என்பார்கள். சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். திருமணமாகாதவருக்கும் 24 வாரம் வரை உரிமை உண்டு என 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை அவர் வீட்டு வாசலில் போய்ச் சொல்ல ஆள் வேண்டாமா? தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் கருக்கலைப்பு மாத்திரை கிடைப்பதே அபூர்வம். எல்லாக் கதவும் மூடினால் நாட்டு மருந்தும் குச்சியும்தான் மிச்சம்.

"அந்நியப் பணமே வேண்டாம்" என்போருக்கு: சரி, அப்படியானால் அரசு செய்யட்டும். தானும் செய்யாமல், செய்பவரையும் முடக்குவது தேசபக்தி அல்ல. அதேபோல, நம் பெண்களின் உடல் உரிமை எந்தக் கொடையாளரின் தேர்தல் முடிவிலும் தொங்கக் கூடாது.

இந்தக் கோரிக்கை மேற்கிலிருந்து இறக்குமதியானது அல்ல. 1938-லேயே அண்ணல் அம்பேத்கரின் கட்சி பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடை வசதிக்காகத் தீர்மானம் கொண்டுவந்தது. தோற்கடித்தார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

மாணவர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருக்கலைப்புச் சேவை நடக்கிறது? பயிற்சி பெற்ற மருத்துவர் எத்தனை பேர்? பதிலை வாங்கி, கிராம சபையில் உரக்கப் படியுங்கள்.