ஹவுஸ் சர்ஜன் உழைப்புக்கு மதிப்பெண் உண்டா?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் உத்தியோகத்துக்கும் கூலி வேலைக்குமாக வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் அந்தத் தெருவுக்கே பெருமை. அந்த வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. பிள்ளை வகுப்பில் முதலாக வருகிறான், பேராசிரியர்களிடம் நல்ல பெயர் எடுத்திருக்கிறான், மெடலும் வாங்கியிருக்கிறான், எம்.டி. இடம் தானாகக் கிடைத்துவிடுமல்லவா?

கிடைக்காது என்பதே பதில். நாலரை ஆண்டுப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்களும், அதன்பின் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக வார்டில் பட்ட பாடும், மேல்படிப்புக்கான தரவரிசையை நிர்ணயிப்பதில்லை. அதை நிர்ணயிப்பது ‘நீட்-பி.ஜி.’ என்னும் ஒரே பரீட்சை. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், 800 மதிப்பெண்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. அகில இந்திய ஒதுக்கீடானாலும் மாநில ஒதுக்கீடானாலும் இந்தத் தரவரிசையே அடிப்படை. கல்லூரி ஆசிரியர்கள் போடும் உள்மதிப்பீடு, பல்கலைக்கழகத் தேர்வு எழுத அனுமதி வாங்கித் தருவதோடு சரி.

இந்த ஏற்பாடு காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு காலத்தில் எம்.பி.பி.எஸ். மதிப்பெண்ணைப் பார்த்தே மேல்படிப்பு இடம் கொடுத்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் தாராளமாகப் போடும், இன்னொன்று கையை இறுக்கும். 1984-ல் டாக்டர் பிரதீப் ஜெயின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் மருத்துவ இடங்களில் ஒரு பகுதியை அகில இந்தியப் போட்டிக்குத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டு டாக்டர் தினேஷ் குமார் வழக்கில், வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு அளவுகோலில் போட்ட மதிப்பெண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இடம் கொடுப்பது அநியாயம் என்று அதே கோர்ட் தெளிவாகச் சொன்னது. பொதுப் பரீட்சை வேரூன்றியது இப்படித்தான். 2013-ல் ரத்தான நீட் 2016-ல் மீண்டும் உயிர்பெற்றது. 2017 முதல் மேல்படிப்புக்கு அதுவே வாசல்.

வாசகர்களில் பெரும்பாலோருக்கு இது நல்லதே செய்திருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். இங்குள்ள தமிழ்த் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் எந்தப் பேராசிரியரைத் தெரியும்? எந்த மந்திரியின் சிபாரிசு கிடைக்கும்? ஆசிரியர் கையில் மதிப்பெண் இருந்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு 1986-ஆம் ஆண்டு மகாராஷ்டிரம் சாட்சி. முதலமைச்சரின் மகளுக்கு எம்.டி. தேர்வில் மதிப்பெண் திருத்தப்பட்டதாக வழக்கு வந்து, ஹைகோர்ட்டின் கண்டனத்துக்குப் பின் அவர் பதவி விலகினார். பெயர் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் விடைத்தாளில் அந்தத் தொல்லை குறைவு. (அடியோடு இல்லை என்று சொல்வதற்கில்லை, 2014-ல் ஆந்திரத்தின் மருத்துவ மேல்படிப்பு நுழைவுத் தேர்வில் வினாத்தாள் கசிந்து, மறுபடி நடத்த நேர்ந்தது.)

ஆனால் இதற்கு நாம் கொடுக்கும் விலையையும் கணக்குப் பார்க்க வேண்டும். 1960-ல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா ஆஸ்பத்திரிதான் இந்தப் பக்கத்து ஏழை ஜனங்களுக்குப் புகலிடம். கிராமத்திலிருந்து வரும் தெலுங்குக்காரரும், சித்தூரிலிருந்து வரும் தமிழ்க் கூலித் தொழிலாளியும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் முதலில் சந்திப்பது ஹவுஸ் சர்ஜனைத்தான். நாடித் துடிப்பு பார்ப்பதும், ரத்தம் எடுப்பதும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வருவதும் அவரே. நாட்டில் எந்த மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும் அந்த ஓராண்டில் அவர் மனம் எங்கே இருக்கும்? நீட் வினா வங்கியில். கோச்சிங் வகுப்புக்குக் கட்டிய பணமும், இன்னும் இத்தனை நாள் என்ற எண்ணிக்கையும்தான் கண் முன்னே நிற்கும். வார்டில் எவ்வளவு உழைத்தாலும் தரவரிசையில் ஓர் இடம்கூட ஏறாது என்று தெரிந்த பிறகு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

அப்படியானால் பேராசிரியரின் மதிப்பீட்டையும் கணக்கில் சேர்த்துவிடலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அமெரிக்காவில் அதுதான் வழக்கம். அங்கே மேல்பயிற்சிக்கு மனுப் போடும் மாணவனுக்காகக் கல்லூரி டீன் ஒரு நீண்ட மதிப்பீட்டுக் கடிதம் அனுப்புவார். ஒவ்வொரு வார்டிலும் அவன் எப்படி நடந்துகொண்டான், என்ன தரம் பெற்றான் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2022 ஜனவரி முதல் அங்குள்ள முதல் கட்ட லைசென்ஸ் பரீட்சையில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு வெறும் தேர்ச்சி, தோல்வி என்று அறிவிக்கிறார்கள். ஆகவே மற்ற மதிப்பீடுகளின் கனம் கூடிவிட்டது. அங்கும் கல்லூரிக்குக் கல்லூரி அளவுகோல் வேறுதான். ஒன்றில் பெரும்பாலோருக்கு உயர்ந்த தரம், இன்னொன்றில் சிலருக்கு மட்டும். பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பும் எண்ணமுள்ள பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே பயன்படாத கல்லூரிச் சான்றுகள் அங்கே பயன்படும்.

இங்கே நமக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. ரயில்வேயிலும் மற்ற மத்திய சர்க்கார் ஆபீசுகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ‘சி.ஆர்.’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மேலதிகாரி பூட்டிய அறையில் ஒரு வரி எழுதுவார். பிரமோஷன் நின்ற பிறகுதான் எழுதப்பட்டவருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியவரும். 2008 மே மாதம் தேவ் தத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த எஞ்சினீயருக்கு மேலதிகாரி ‘நன்று’ என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் பிரமோஷனுக்கு ‘மிக நன்று’ வேண்டும்! நல்லதோ கெட்டதோ, எழுதியதை ஊழியருக்குக் காட்டியே தீர வேண்டும், அதை எதிர்த்து மனுப் போட அவகாசம் தர வேண்டும் என்பது தீர்ப்பு. மறு ஆண்டே மத்திய சர்க்கார் விதியை மாற்றியது. முப்பது ஆண்டு சர்வீஸ் உள்ள குமாஸ்தாவுக்கே இந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது என்றால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு தேவை?

ஆதலால், திறந்து காட்டாத எந்த மதிப்பீட்டையும் மேல்படிப்புத் தரவரிசையில் சேர்க்கக் கூடாது என்பதே நம் கருத்து. அதே சமயம் வார்டு வேலை மதிப்பில்லாமல் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்னைய மருத்துவக் கவுன்சில் விதிகள், எட்டாத, வசதியற்ற பகுதிகளில் பணியாற்றிய சர்க்கார் டாக்டர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், 30 சதவீதம் வரை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் ஊக்கம் தர இடம் கொடுத்தன. ஆகவே உழைப்பைக் கணக்கில் எடுப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. எங்கே, எத்தனை ஆண்டு என்பதை யாரும் ரிக்கார்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்பதால்தான் அது செல்லுபடியாயிற்று.

பரீட்சை ஒன்றே தகுதி என்று அடித்துப் பேசுபவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். 2023 செப்டம்பரில், இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று சொல்லி, நீட்-பி.ஜி. கலந்தாய்வுக்கான தகுதியை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ய பெர்சென்டைலாக மத்திய சுகாதார அமைச்சகம் இறக்கிவிட்டது. பரீட்சை எழுதினால் போதும் என்று ஆனது. கட்டணம் கட்ட வசதியுள்ளவருக்கு அது வரப்பிரசாதம். நம்மவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

உண்மையில் தீர்வின் ஒரு பகுதி சட்டத்திலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ‘நெக்ஸ்ட்’ என்ற பரீட்சையைச் சொல்கிறது. 2023-ல் வெளியான விதிகளின்படி, முதல் கட்டம் ஹவுஸ் சர்ஜன் காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். மேல்படிப்புக்கு அதன் மதிப்பெண்ணே கணக்கு. இரண்டாவது கட்டம் ஹவுஸ் சர்ஜன் காலம் முடிந்தபின், நோயாளியைப் பரிசோதிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் செய்முறைத் தேர்வு; தேறினால் போதும். பரீட்சை பயம் முன்பே தீர்ந்துவிட்டால் அந்த ஓராண்டு நோயாளிக்கு உரியதாகும். பலவித ஆட்சேபங்கள் கிளம்பவே அந்த ஆண்டு ஜூலையில் அதை ஒத்திவைத்தார்கள். ஆட்சேபங்களில் நியாயமானவற்றைத் தீர்த்துவிட்டு, குறைந்தபட்சம் இந்தக் கால வரிசையையாவது சுகாதார அமைச்சகம் அமலுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதுவரை ஆந்திர அரசும், விஜயவாடாவிலுள்ள சுகாதாரப் பல்கலைக்கழகமும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனுக்கும் லாக் புத்தகம் உண்டு. அதில் எழுதும் மதிப்பீட்டை மாதாமாதம் அவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கலாம். ஆட்சேபம் இருந்தால் வேறு கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டு விசாரிக்கலாம். வார்டில் வேலை பார்க்காதவருக்குப் பயிற்சி முடித்த சான்றிதழை நிறுத்தி, விட்டுப்போன நாட்களைத் திரும்பச் செய்யச் சொல்லலாம். இதற்கு வேண்டியது புதிய நிதி ஒதுக்கீடல்ல, ஒரு சர்க்குலர்.